விசிலுக்குப் பதில் சொன்ன வான்கோழிகள்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தினமும் காலையில் காவலாளி தண்ணீர் மோட்டாரைப் போடுவார். அது ஒரு தடவை உறுமும், இருமும், பிறகு ஓட ஆரம்பிக்கும். அந்த இருமலுக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. அந்த நேரத்தில் கையில் என்ன இருந்தாலும் அப்படியே வைத்துவிட்டு நிற்பேன். காபி டம்ளரோ, துடைப்பமோ, எதுவோ. என் மருமகள் முதலில் எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்துப் பயந்துவிட்டாள். இல்லையம்மா, ஒரு சத்தத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். என்ன சத்தம் என்று கேட்டாள். வான்கோழி என்றேன். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்பதில்லை.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் வளைகுடாவில் அல் ஐன் பக்கம் இருந்தோம். ஊருக்கு உள்ளே இல்லை. ஊரிலிருந்து வண்டியில் வெகுதூரம் போய், தார்ச் சாலை முடிந்த பிறகும் மணலில் கொஞ்சம் போனால் ஒரு பெரிய தோட்டம் வரும். அதன் ஓரத்தில் எங்களுக்கு ஒரு வீடு. என் வீட்டுக்காரர் கால்நடை டாக்டர். சென்னையில் சர்க்கார் உத்தியோகத்தை விட்டுவிட்டு, அங்கே ஒரு பெரிய வியாபாரியின் ஒட்டகங்களையும் மாடுகளையும் பார்த்துக்கொள்ளப் போனார். முதலாளியை அங்கே எல்லாரும் அர்பாப் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

போன புதிதில் எனக்கு எல்லாவற்றின் மேலும் கோபம். பேச ஆள் இல்லை. தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை வண்டி கிடைக்க வேண்டும். காய்கறி வாரத்துக்கு ஒருமுறை வரும், அதுவும் வாடிப்போய். எனக்குப் பிடித்த ஒரே விஷயம் வீட்டுக்குப் பின்னால் இருந்த தோப்பு. அங்கே காஃப் என்று சொல்லும் மரம், பார்த்தால் நம் ஊர்க் கோயில்களில் சுற்றி வருகிற வன்னியேதான். முதல் நாளே ஒரு பெரிய மரமாகப் பார்த்து மூன்று சுற்று சுற்றி வந்தேன். ஆட்கள் பார்க்கிறார்கள், உள்ளே வா என்று வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். பார்க்கட்டுமே என்று நான்காவது சுற்றும் சுற்றினேன்.

அந்தத் தோப்பில்தான் வான்கோழிகளை விட்டார்கள்.

அர்பாப் வைத்தியத்துக்காக அமெரிக்கா போயிருந்தாராம். உடம்பு தேறுகிற நாட்களில் ஏதோ காட்டோரத்து வீட்டில் வைத்திருந்தார்களாம். விடியற்காலையில் காட்டுக்குள்ளிருந்து இந்தப் பறவைகள் கத்துவதைக் கேட்ட பிறகுதான், தான் பிழைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையே வந்ததாம். அந்தச் சத்தம் தன் தோட்டத்திலும் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆசைப்பட்டால் அது விமானத்தில் வந்து இறங்குகிற காலம் அது. ஒரு குளிர்காலத்தில் மரக்கூண்டுகள் வந்தன. தோப்பைச் சுற்றி உயரமாகக் கம்பிவலை அடித்து, தண்ணீர் வாய்க்கால் வெட்டி, கூண்டுகளைத் திறந்தார்கள்.

ஊரில் வான்கோழி என்றால் எனக்குத் தெரிந்தது, யார் வீட்டு வாசலிலாவது தொந்தியைத் தூக்கிக்கொண்டு நடப்பது. இவை வேறு சாதி. காட்டு வான்கோழி. ஒல்லி உடம்பு, நீளக் கால், எண்ணெய் தடவி வாரிய மாதிரி செம்பும் பச்சையுமாக மின்னும் இறகு. நன்றாகப் பறக்கும். பொழுது சாய்ந்தால் ஒவ்வொன்றாக எழும்பி வன்னி மரத்து உச்சியில் போய் உட்காரும். நான் சுற்றி வந்த மரத்திலேயே ஒரு கூட்டம் குடியேறியது.

அவற்றுக்கு ஒரு குணம். திடீரென்று பெரிதாக எந்தச் சத்தம் கேட்டாலும் ஆண் பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கடகடவென்று பதில் குரல் கொடுக்கும். வாய்க்குள் கூழாங்கல்லைப் போட்டு உருட்டிய மாதிரி ஒரு சத்தம். பம்ப் மோட்டார் போட்டால் கத்தும். தண்ணீர் லாரி ஹாரன் அடித்தால் கத்தும். வந்த மறுநாள் நான் சாதம் வைத்தேன். குக்கர் விசில் அடித்ததும் தோப்பு முழுவதும் பதில் சொன்னது. கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். அடுத்த விசிலுக்கு மறுபடியும் பதில். தனியாகக் கிடந்தவளுக்கு அது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குத் தேவையே இல்லாமல் பருப்பையும் குக்கரிலேயே வேகவைத்தேன்.

தோட்டத்தில் சில வருடமாக வேலை பார்த்த ஒரு ஆளை வான்கோழிகளுக்குத் தீனி போட வைத்தார்கள். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். தோட்டத்துக் கேம்பில் இருந்த கூலியாட்களில் பாதிப்பேர் அந்தப் பக்கம்தான். குக்கருக்கு ஏன் இவை கத்துகின்றன என்று அவரிடம்தான் கேட்டேன்.

"உங்க குக்கரை இன்னொரு சேவலுன்னு நெனச்சுக்கிட்டு சண்டைக்குக் கூப்புடுதும்மா. பதில் சொல்லலேன்னா இதுகளுக்குக் கவுரவக் கொறச்சல்" என்றார்.

அந்த ஊரில் நான் சிரித்த முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அவர் கிளம்பி வந்தபோது மனைவி முழுகாமல் இருந்திருக்கிறாள். பிறந்தது பெண் குழந்தை. இவர் இன்னும் பார்க்கவில்லை. அவருடைய லீவு முறை வந்த நேரத்தில்தான் பறவைகளும் வந்து இறங்கின. தீனி போட வேறு ஆள் பழகவில்லை என்று மானேஜர் லீவைத் தள்ளிவைத்துவிட்டார். அவர் வருத்தப்பட்டதைப் பார்த்துவிட்டு அர்பாப், இங்கேயே குஞ்சு பொரித்து நடமாடட்டும், கோடைக்கு வெளிநாடு போய் நான் திரும்பி வந்ததும் டிக்கெட் போட்டு உன்னை ஊருக்கு அனுப்புகிறேன் என்று ஃபோர்மேன் மூலமாகச் சொன்னாராம். அன்றிலிருந்து அந்த மனிதருக்கு வான்கோழிக் குஞ்சு என்றால் ஊர் என்று அர்த்தம்.

ஊரிலிருந்து ஒரு கேசட் வந்திருந்தது. அப்போதெல்லாம் போன் கிடையாதே, பேசிப் பதிவு பண்ணி, யாராவது வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார்கள். கேம்பில் இருந்த டேப் ரெக்கார்டர் கெட்டுப்போனதால், எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து எங்களுடையதில் போட்டுக் கேட்பார். நான் உள்ளே வேலை பார்த்துக்கொண்டே கேட்பேன். மனைவி வீட்டு விஷயமெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, குழந்தையைப் பக்கத்தில் இழுத்து, "அப்பாவை எப்ப வருவீங்கன்னு கேளு" என்பாள். குழந்தை நாலைந்து தடவை மூச்சு விட்டுவிட்டு, "எப்ப வய்வே?" என்று கேட்கும்.

கேள்விக்குப் பிறகு கேசட்டில் கொஞ்ச நேரம் பேச்சு இருக்காது. வெறும் இரைச்சல் ஓடும். மனைவி பதில் சொல்வதற்கு இடம் விட்டிருக்கிறாள் என்று அவர் நம்பினார். அந்த இடத்தில் டேப் ரெக்கார்டரைப் பார்த்துக் குனிந்து, "வந்துர்றேன்டா கண்ணு, குஞ்சு பொரிச்ச ஒடனே வந்துர்றேன்" என்று சத்தமாகச் சொல்வார். அவர் சத்தத்துக்குச் சில சமயம் தோப்பிலிருந்தும் கடகடவென்று பதில் வரும். எனக்குக் கண்ணீரில் அடுப்பு தெரியாது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பறவைகள் வருவதற்கு முன்பே என் வீட்டுக்காரர் ஆபீஸில் எழுதிக் கொடுத்திருந்தார், தோட்டத்துக்குள் யாரும் கோழி வளர்க்கக் கூடாது என்று. காரணம் அவருக்குத் தெரியும். கோழியின் வயிற்றுக்குள் ஒரு நோய் இருக்கும். கோழியை அது ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த எச்சம் விழுந்த மண்ணை வான்கோழி கொத்தினால் ஈரல் அழுகிச் செத்துப்போகும். இதை அவர் இங்கிலீஷில் எழுதி மானேஜரிடம் கொடுத்தார். மானேஜர் சூடான்காரர், நல்ல மனிதர். அவர் அதைச் சுருக்கி ஃபோர்மேனிடம் சொன்னார். ஃபோர்மேன் கேம்பு வாசலில் நின்று, "முர்கி மாஃபி" என்றார். கோழி கூடாது. அவ்வளவுதான் கேம்புக்குப் போய்ச் சேர்ந்தது.

கேம்பில் பாதிப்பேர் தமிழர்கள். டாக்டரும் தமிழர். எங்கள் வீட்டிலிருந்து கேம்பு கூப்பிடு தூரம். ஆனால் உத்தரவு இங்கிலீஷில் கிளம்பி, அரபியில் இறங்கி, அரைகுறை இந்தியில் முடிந்தது. அங்கே அதுதான் முறை. டாக்டர் கேம்புக்குள் போய்ப் பேசினால் மானேஜருக்கு மரியாதைக் குறைவு, டாக்டருக்கும் மரியாதைக் குறைவு. அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குளிர் போனதும் பெட்டைகள் முட்டையிட ஆரம்பித்தன. புதர் மறைவில் மண்ணைச் சீய்த்துப் பள்ளம் பண்ணி, புள்ளி போட்ட முட்டைகள். வீட்டுக்காரர் சின்னப் பையன் மாதிரி குதித்தார். ஆனால் அந்த வருடம் வெயில் முந்திக்கொண்டது. வலைக்கு அடியில் பள்ளம் தோண்டி நரி வந்தது. உடும்பு வந்து முட்டையைக் குடித்தது. வாய்க்காலில் கொசு பெருகி, சில பறவைகளின் முகமெல்லாம் அம்மை மாதிரி கொப்புளம். சூடு தாங்காமல் பெட்டைகள் அடையைவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் ஓரத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றன. முட்டைகள் அப்படி அப்படியே கிடந்தன. வீட்டுக்காரர் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பார். தீனி போடும் ஆள் வந்து வாசலில் நிற்பார், எத்தனை கூடு போச்சு என்று சொல்லிவிட்டுப் போவார். இரண்டு பேர் முகமும் ஒரே மாதிரி இருந்தது.

பிறகு ஒரு நாள் காலையில் தீனி போடும் ஆள் ஓடி வந்தார். துண்டை மடித்து மார்போடு அணைத்திருந்தார். விரித்தால் குஞ்சுகள். சாம்பலும் மஞ்சளுமாகப் பஞ்சு உருண்டைகள், தடுமாறிக்கொண்டு. தோப்புக் கோடியில் ஒரு பெட்டை யாருக்கும் தெரியாமல் அடைகாத்திருக்கிறது, ஆனால் குஞ்சுகளைச் சேர்க்க மாட்டேன் என்கிறது என்றார். வீட்டுக்காரர் கேள்வியே கேட்கவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவர் எங்கே கேட்கப்போகிறார். தோப்புக்குள்ளேயே ஒரு தடுப்பு கட்டி, நிழல் போட்டு, அங்கே வைத்தார்கள். நான் முட்டையை வேகவைத்துப் பொடியாக உதிர்த்துக் கொடுத்து அனுப்பினேன். அடுத்தடுத்து இன்னும் சில குஞ்சுகள் வந்தன. அந்த மனிதர் கேசட் கேட்கும்போது பதிலை மாற்றிக்கொண்டார். "பொரிச்சிருச்சுடா கண்ணு, இனி நடக்க வேண்டியதுதான்."

சில வாரம் போனது. ஒரு குஞ்சு மட்டும் கூட்டத்தோடு சேராமல் தனியாக நின்றது. இறக்கை தொங்கி, கண்ணை மூடி, பிரார்த்தனை பண்ணுகிற மாதிரி. மறுநாள் இன்னும் இரண்டு அப்படி நின்றன. எச்சம் கந்தகம் மாதிரி மஞ்சளாக இருந்தது. முதல் குஞ்சு செத்ததும் வீட்டுக்காரர் பின்பக்கத் தொட்டியடியில் வைத்து அதை அறுத்துப் பார்த்தார். நான் தண்ணீர் ஊற்றினேன். ஈரலில் வட்ட வட்டமாகத் தழும்பு, காசு வைத்து அழுத்திய மாதிரி. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். கையைக் கழுவாமலே எழுந்து நின்று, "கோழி எங்கே இருக்கு?" என்றார். என்னிடம் கேட்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை.

பிறகு மரியாதை, முறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராகக் கேம்புக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். அந்த நடையைப் பார்த்து யாரையாவது அடித்துவிடுவாரோ என்று பயம்.

கேம்பு சமையலறைக்குப் பின்னால், எண்ணெய் டிரம்மைப் படுக்கப் போட்டு, சாக்கு தொங்கவிட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் சாக்கைத் தூக்கினார். உள்ளே மூன்று நான்கு நாட்டுக்கோழிகள். சேவல் வைத்துக்கொள்ளவில்லை, கூவினால் தெரிந்துவிடுமே. ஒரு கோழி சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. அதன் இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு வான்கோழிக் குஞ்சு தலையை நீட்டி எங்களைப் பார்த்தது. அது இன்னும் நன்றாகத்தான் இருந்தது.

தீனி போடும் ஆள் வந்து பக்கத்தில் நின்றார். வீட்டுக்காரர் திட்டினார். இவ்வளவு கெட்ட வார்த்தை அவருக்குத் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்த மனிதர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கோழிக் கூண்டைக் கூட்டின குப்பையை எங்கே போட்டாய் என்று கேட்டதற்கு, வன்னி மரத்து அடியில், உரமாகட்டும்னு போட்டேன் என்றார். வீட்டுக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

"எங்க ஊருல வான்கோழி முட்டைய நாட்டுக்கோழிதாய்யா அடகாக்கும். வாத்து முட்டைக்கும் அதேதான். அதுக்குத்தான் பொறுமை இருக்கும். பெட்டைக எந்திரிச்சுப் போயிருச்சு, முட்டை வீணாப் போகுதேன்னு எடுத்தாந்து வச்சேன்."

"கோழியே வைக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"கூடாதுன்னீங்க. ஏன்னு சொல்லலியேய்யா."

அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் சொன்னார். யாருக்கோ கோழிச் சத்தம் பிடிக்கவில்லை போல, அதனால்தான் தடை என்று கேம்பில் எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவரைத் திட்டவே இல்லை. அதற்குப் பிறகு எந்நாளும் திட்டவில்லை.

கோழிகளை அன்றே அப்புறப்படுத்தினார்கள். வீட்டுக்காரர் துபாயிலிருந்து மருந்து வரவழைக்கச் சொன்னார். அது வந்து சேர்வதற்குள் குஞ்சுகள் முடிந்துவிட்டன. பிறகு பெரியவை ஆரம்பித்தன. அந்தக் கோடை முழுவதும் தோப்புக்குப் போனால் ஏதாவது ஒரு மரத்தடியில் ஒரு பறவை முதுகைக் கூனிக்கொண்டு தனியாக நிற்கும். பக்கத்தில் போனாலும் ஓடாது. நாம் கண்ணுக்கே தெரியாத மாதிரி அப்பால் பார்க்கும். அந்தப் பார்வை என் கனவில் இப்போதும் வருகிறது. மரத்தில் ஏற முடியாமல் பொழுது சாயும்போது கீழேயே நிற்கும். மறுநாள் அங்கேயே கிடக்கும். தீனி போடும் ஆள் மண்வெட்டியோடு வந்து, தோப்புக்கு வெளியே தூரமாகக் கொண்டுபோய், சுண்ணாம்பு போட்டுப் புதைப்பார்.

குக்கர் விசிலுக்குப் பதில் குறைந்துகொண்டே வந்தது. முதலில் தோப்பு முழுக்கச் சொன்னது, பிறகு ஒரு மூலையில் மட்டும், பிறகு ஒற்றைக் குரல். எண்ணாமல் இருக்கத்தான் பார்த்தேன். ஆனால் காது தானாக எண்ணும். கடைசியில் ஒரு கிழட்டுச் சேவல் மட்டும் பம்ப் மோட்டாருக்கும் எனக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு நாள் விசில் அடித்தது. பதில் வரவில்லை. இன்னொரு விசில். அடுப்பை அணைக்காமல் காத்திருந்தேன். சாதம் குழைந்து கூழானது. அன்றைக்கு அதையே சாப்பிட்டோம்.

வீட்டுக்காரர் தோப்பிலிருந்து வந்தால் செருப்பை வெளியே கழற்றி, மருந்துத் தண்ணீரில் முக்கி, தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். பறவையே இல்லாத தோப்புக்குப் போய்வந்து இன்னும் எதற்குக் கழுவுகிறீர்கள் என்று எரிந்து விழுந்தேன். மண்ணில் இருக்கு என்றார். கண்ணுக்குத் தெரியாத புழு முட்டைக்குள் அந்த நோய் அடங்கிக் கிடக்கும், ஈரமுள்ள மண்ணில் வருஷக்கணக்கில் சாகாது என்றார். அதற்குப் பிறகு நான் வன்னி மரத்தைச் சுற்றவில்லை. ஜன்னல் வழியாகத் தோப்பைப் பார்த்தால் எப்போதும் போலப் பச்சையாக, அழகாக இருக்கும். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெயில் தணிந்ததும் அர்பாப் திரும்பி வந்தார். வந்த அன்றே தோப்புக்குப் போய் நின்றார். மோட்டாரைப் போடச் சொன்னாராம். போட்டார்கள். கேட்டுவிட்டு மஜ்லிஸுக்கு, அதாவது அவர் ஆட்களைப் பார்க்கும் கூடத்துக்குப் போய், டாக்டரைக் கூப்பிட்டு அனுப்பினார். மானேஜர் முன்கூட்டியே சொல்லிவிட்டார், காரணம் யாராவது ஒரு ஆள் என்றால் அந்த ஆளின் விசா அன்றே ரத்து, கலாஸ், முடிந்தது கதை, அடுத்த விமானத்தில் அனுப்பிவிடுவார் என்று. எங்கள் வாசலில் தீனி போடும் ஆள் உட்கார்ந்திருந்தார். வேலை போய் ஊர் திரும்பினால் யார் முகத்திலும் விழிக்க முடியாது என்பதை நாலு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார்.

திரும்பி வந்ததும், வெயில் என்று சொல்லிவிட்டேன் என்றார். குளிர்நாட்டுப் பறவை, சூடு தாங்கவில்லை என்று சொன்னாராம். நரியையும் கொசுவையும் சேர்த்துக்கொண்டாராம். கோழி என்ற வார்த்தையே எடுக்கவில்லை. அந்த மனிதர் எழுந்து கும்பிட்டார். எனக்கு அன்றைக்கு வீட்டுக்காரர் மேல் ஒரே பெருமை. ரவை இருந்தது, கேசரி கிளறினேன். அந்தப் பொய்யில் எவ்வளவு இரக்கம், காரணம் போய்ச் சேராத தன் உத்தரவைப் பற்றி எவ்வளவு பயம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். அவரும் யோசித்திருப்பார், என்னிடம் சொன்னதில்லை.

வெயில்தானே காரணம் என்று அர்பாப் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் குளிர்காலத்திலேயே புதுப் பறவைகளை வரவழைத்தார். கூடுதலாக நிழற்பந்தல், கூடுதலாகத் தண்ணீர். கூடுதல் தண்ணீர் என்றால் கூடுதல் ஈரம். வேறு இடத்தில் விடலாம், சாலைக்கு அந்தப் பக்கம் விடலாம் என்று வீட்டுக்காரர் கெஞ்சிப் பார்த்தார். ஏன் என்று மானேஜர் கேட்டார். கோழிக் கதையைச் சொல்லாமல் அவரால் ஏன் என்று சொல்ல முடியவில்லை. பம்பு இங்கேதான் இருக்கிறது என்று மானேஜர் முடித்துவிட்டார்.

குஞ்சு இல்லாததால் டிக்கெட் இல்லை. பழக்கப்பட்ட ஆள் வேண்டும் என்பதால் லீவும் இல்லை. அவரேதான் மறுபடியும் தீனி போட்டார். கூண்டைத் திறந்த அன்று புதுச் சேவல்கள் என் குக்கருக்குப் பதில் சொன்னபோது நான் காதைப் பொத்திக்கொண்டேன். செத்தவை வந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் தண்ணீரில் மருந்து கலந்து கலந்து வைத்தார். அது தள்ளிப்போட்டதே தவிரத் தடுக்கவில்லை. முட்டையிடும் காலத்துக்கு முன்பே ஒரு பறவை அந்தப் பெரிய வன்னி மரத்தடியில் தனியாக நின்றது. தீனி போடும் ஆள் வந்து சொன்னார். நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

இரண்டாவது கூட்டமும் போனபோது அர்பாபுக்கு ஆசை விட்டுப்போயிற்று. தோப்பில் வலையைப் பிரித்துவிட்டார்கள். தீனி போடும் ஆளுக்கு இங்கே வேலை இல்லை. சவூதியில், தம்மாமில் அர்பாபின் மச்சினருக்குக் கட்டட சைட் ஒன்று இருந்தது, ஆள் தேவை என்று அவரை அங்கே மாற்றினார்கள். புது இடம், விசா கொடுக்கப் புது முதலாளி, கஃபீல் என்பார்கள், கணக்கு முதலிலிருந்து. லீவு அங்கே போய் வேலையில் சேர்ந்த நாளிலிருந்துதான் எண்ணப்படும்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் சொல்லிக்கொண்டு போக வந்தார். வீட்டுக்காரர் அவர் குரல் கேட்டதும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். நான் காபி கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா நல்லவரும்மா என்றார். பிறகு அதே குரலில், யாரையும் குறை சொல்லாமல் கேட்டார்.

"ஐயா அன்னைக்கு உள்ளதைச் சொல்லியிருந்தா, என்னை அந்த வாரமே ஊருக்கு ஏத்திவிட்டிருப்பாங்கல்லம்மா?"

ஆமாம் என்று சொல்லவா? அந்தப் பெண் குழந்தை இவர் மடியில் ஏறி உட்கார்ந்திருக்கும் என்று சொல்லவா? காபி ஆறுகிறது, குடியுங்கள் என்றேன்.

கடைசியாக ஒரு தடவை கேசட்டைப் போட்டுக் கேட்டுக்கொள்ளட்டுமா என்றார். டேப் ரெக்கார்டரை எடுத்துவந்து வைத்தேன். எப்போதும் போல மனைவி பேசினாள். மாடு கன்று போட்டது, கூரை மாற்றியது, எல்லாம் பழைய விஷயம். கேசட்டில் அந்தக் குழந்தைக்கு இன்னும் அதே வயது. "அப்பாவை எப்ப வருவீங்கன்னு கேளு" என்றாள். குழந்தை மூச்சு விட்டது. "எப்ப வய்வே?" என்றது.

பதிலுக்காக மனைவி விட்டிருந்த இடம் வந்தது. வெறும் இரைச்சல் ஓடியது. நான் அவர் வாயைப் பார்த்தேன். அவர் டேப் ரெக்கார்டரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், கையை மடியில் வைத்தபடி. அந்த நேரம் பார்த்துத் தோட்டத்தில் பம்ப் மோட்டாரைப் போட்டார்கள். அது உறுமியது, இருமியது. தோப்பு சும்மா இருந்தது. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரைச்சல் முடிந்து, கேசட் டக்கென்று நிற்கிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.